186 ரூபாய் 7 அணா

காரைக்குடியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. இருபத்தாறு வருஷமாக ஆதார், ரேஷன் கார்டு, பத்திரம், பட்டா என்று நகல் எடுத்துக் கொடுத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. அடுத்தவர் வீட்டுக் காகிதம் லட்சக்கணக்கில் இந்தக் கை வழியாகப் போயிருக்கிறது, ஒன்றுகூடக் கிழிந்ததில்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பழைய காகிதம். அதை மட்டும் நானே கெடுத்தேன்.

தாத்தா ரங்கூனிலிருந்து அப்பத்தாவுக்கு அனுப்பிய கடைசிக் கடுதாசி அது. அப்பத்தா இருந்தவரை தகரப் பெட்டியை யாரையும் திறக்கவிடாது. 1991-ல் அப்பத்தா போன பிறகுதான் பெட்டி எங்கள் கைக்கு வந்தது. கடுதாசி மஞ்சளாகி, நான்காக மடித்த மடிப்பெல்லாம் வெள்ளரிப்பழம் மாதிரி விண்டுபோயிருந்தது. கடையில் புதிதாக லேமினேஷன் மெஷின் வாங்கியிருந்த நேரம். ஊருக்கெல்லாம் செய்கிறோம், நம் வீட்டுக் காகிதத்துக்குச் செய்ய வேண்டாமா என்று உறைக்குள் வைத்து உள்ளே விட்டேன். பாதி போனதும் உருளையில் சிக்கிக்கொண்டது. சூடு ஏறும் வாசனை வந்ததும் பிளக்கைப் பிடுங்கி, பின்பக்கம் திறந்து, இழுத்து வெளியே எடுத்தேன். அடிப்பகுதி கொசுவம் மாதிரிச் சுருண்டு, பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வெந்திருந்தது.

கடுதாசியின் மேல்பகுதியை, தாத்தா வேலை பார்த்த கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் லேவாதேவிக் கூடத்தில், அடுத்தாளாக (மேலாளுக்கு அடுத்த உதவியாளாக) இருந்த ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். மணி மணியான கணக்கு எழுத்து. கடைசி வரியை மட்டும் தாத்தா தன் கையால், ஊதாப் பென்சிலால் கோணல்மாணலாக எழுதியிருந்தார். அந்த வரிதான் வெந்துபோனது. இப்போது படிக்க முடிகிற அளவு இவ்வளவுதான்: ‘பயலுக்கு முடி இறக்க வேண்டாம் நான் வந்’.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பழைய கடுதாசி, ஓலை, பாஸ்போர்ட் எதையும் லேமினேஷன் போடாதீர்கள். செலோ டேப்பும் ஒட்டாதீர்கள். பசை காய்ந்து பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். ஜன்னல் ஓரமாக, வெயில் நேராக விழாத இடத்தில், வெள்ளைச் சார்ட் பேப்பரின் மேல் விரித்துப் போடுங்கள். போனை நேர் மேலே பிடித்து, முன்பக்கம், பின்பக்கம், உறை, முத்திரை எல்லாவற்றையும் படம் எடுங்கள். பிறகு பழைய பருத்தித் துணியில் சுற்றி, ஒரு துண்டு வசம்போடு பெட்டியில் வைத்தால் இராமபாணப் பூச்சி அண்டாது. நம் பாட்டிமார் செய்ததுதான் இது. என்னை மாதிரி மெஷின் வைத்திருப்பவர்களுக்குத்தான் மறந்துபோகிறது. யாராவது பழைய காகிதத்தைக் கொண்டுவந்து லேமினேஷன் கேட்டால் நான் செய்து கொடுப்பதில்லை. ‘காசு வேண்டாம்னு சொல்ற கடைக்காரரை இப்பத்தான் பார்க்கிறேன்’ என்று ஒருவர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்.

தாத்தா கிட்டங்கிச் சமையல்காரர். ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்களின் லேவாதேவிக் கடைகள் வரிசையாக இருந்தன. கிட்டங்கி என்றால் ஏதோ சரக்கு அடுக்குகிற இடம் என்று நினைக்கிறார்கள். நீளமான ஒரு கூடம். ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு செட்டியார் கடைக்கும், அதில் ஓர் இடம், ஒரு பாய், ஒரு கைப்பெட்டி. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோருக்கும் பகலில் அங்கேதான் தொழில், ராத்திரி அங்கேதான் படுக்கை. இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே அடுப்படி. அந்த அடுப்படியில் தாத்தா இருந்தார். சம்பளச் சீட்டு மூன்று வருஷத்துக்கு. மூன்று வருஷம் முடிந்தால் ஊருக்கு வந்து சில மாதம் இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏற வேண்டும். 1939-ல் இரண்டாவது தடவையாகக் கப்பல் ஏறினார். அப்போது அப்பா அப்பத்தாவின் வயிற்றில்.

1941 டிசம்பர் 23-ல் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். மார்கழி பிறந்து ஒரு வாரம். விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த ஜனம் அப்படியே செத்தது என்று அங்கிருந்து வந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒரு நாளில் ஆயிரம் பேருக்கு மேல். இரண்டு நாள் கழித்து மறுபடியும் குண்டு. அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பக் கப்பலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாகக் கிளம்பினார்கள். ஒரு வழி, மாண்டலே போய், சிண்ட்வின் ஆற்றைக் கடந்து, தமூ வழியாக மணிப்பூருக்குள் இறங்குவது. இன்னொன்று, ரயிலில் புரோம் வரை போய், ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலையில் நூறு மைலுக்கு மேல் நடந்து டவுங்குப் துறைக்கு வந்து, அங்கிருந்து படகில் அக்யாப், சிட்டகாங் என்று கரை சேர்வது. இரண்டிலும் காலரா. குடிக்கத் தண்ணீர் இல்லை, நின்றால் பின்னால் வருபவன் மிதித்துக்கொண்டு போவான். 1942 மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது.

தாத்தாவின் கடுதாசியில் தேதி இப்படி இருக்கிறது: விஷு ௵ தை ௴ ௧௭ ௳. முதலில் எனக்கும் புரியவில்லை. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௧௭ என்பது 17. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வருவதால், விஷு என்றால் எந்த விஷு என்று பார்க்க வேண்டும். பிரபவ 1927 சித்திரையில் பிறந்தது. அதிலிருந்து விரல் விட்டு எண்ணினால் பதினைந்தாவது விஷு, 1941 சித்திரை முதல் 1942 பங்குனி வரை. தை 17 என்றால் 1942 ஜனவரி கடைசி. அடுத்தது சித்ரபானு, அடுத்தது சுபானு, அப்புறம் தாரண, பார்த்திப. பர்மாவில் யுத்தம் நடந்த காலம் முழுக்க இந்த ஐந்து வருஷப் பெயருக்குள் அடங்கிவிடும். இதை ஒரு அட்டையில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். எண்களில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ௭ பார்க்க எ மாதிரி, ௮ பார்க்க அ மாதிரி, ௨ பார்க்க உ மாதிரி. தலைப்பில் இருக்கிற பிள்ளையார் சுழியை இரண்டு என்று படித்துவிட்டு, பங்கு ரெண்டு என்று சண்டைக்கு வந்த அண்ணன் தம்பியை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

கடுதாசியில் பெரிதாக ஒன்றும் இல்லை. குண்டு விழுந்து கடைத்தெரு மூடிக் கிடக்கிறது, டெக் சீட்டு கிடைக்கவில்லை, புரோம் வழியாக நடக்கலாம் என்று பேச்சு. கப்பலில் வருகிற செட்டியாரிடம் கவுணி அரிசி கொடுத்து அனுப்பியிருக்கிறது, வாங்கிக்கொள்ளவும். அவ்வளவுதான். சமையல்காரர் புத்தி பாருங்கள், ஊரே எரியும்போது அரிசி அனுப்பியிருக்கிறார். கறுப்புக் கவுணி அரிசி பர்மாவிலிருந்துதான் நம் பக்கம் வந்தது. இன்றைக்குச் செட்டிநாட்டுக் கல்யாணத்தில் தேங்காய்ப்பூ, சர்க்கரை, நெய் போட்டு முதலில் வைக்கிறார்களே, அதுதான். செட்டியார் கொண்டுவந்து கொடுத்தது இரண்டு படி. அதை வேகவைக்க அப்பத்தாவுக்கு மனசு வரவில்லை. வண்டு விழுந்து போகிற வரை பானையில் வைத்திருந்தது.

அதன்பின் ஒரு தகவலும் இல்லை. கடுதாசி எழுதிக் கொடுத்த அடுத்தாள், கல்கத்தா வழியாக அந்த வருஷம் வைகாசியில் ஊர் வந்து சேர்ந்தார். ‘புரோம் ஆத்தங்கரையில கூட்டத்துல கை விட்டுப்போச்சு. அக்கரைக்கு வந்து ரெண்டு நாள் பார்த்தேன், வரலை’ என்றார். இவ்வளவுதான் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த சேதி. செத்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றி ஒரு விஷயம். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது சுதந்திர தினத்துக்குப் பேச்சுப்போட்டி. அப்பா சொல்லிக் கொடுத்தார்: ‘எங்க தாத்தா நேதாஜியோட படையில சேர்ந்து, பர்மாக் காட்டுல உயிரை விட்டார்.’ பேசினேன், கைதட்டினார்கள், எவர்சில்வர் டம்ளர் ஒன்று கிடைத்தது. பல வருஷம் கழித்துத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் உதைத்தது. தாத்தா காணாமல் போனது 1942 தொடக்கத்தில். நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததே 1943 ஜூலையில். ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி திறந்தது 1944 ஏப்ரலில். நேதாஜி வருவதற்கே இடையில் ஒன்றரை வருஷம். தாத்தா எங்காவது உயிரோடு இருந்து, பிறகு போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று வாதாடலாம். ஆனால் அப்பாவுக்கு அப்படி ஒரு தகவல் வரவில்லை, அவராகச் சேர்த்துக்கொண்டதுதான்.

கோபத்தோடு போய்க் கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘சோறாக்கப் போனவன் வழியில செத்தான்னு மேடையில எப்படிறா சொல்லச் சொல்ற?’ என்றார். எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் விசாரித்தால் பாதி வீட்டில் நேதாஜியிடம் கை கொடுத்த தாத்தா ஒருவர் இருப்பார். சிலருடையது நிஜம், மலேயாவிலும் பர்மாவிலும் தமிழர்கள் திரண்டு போய்ச் சேர்ந்தார்கள். சிலருடையது எங்கள் அப்பாவினுடையது மாதிரி. பொய் என்று தூக்கிப்போடாமல், தேதியை மட்டும் சரிபார்த்துத் தனியாகக் குறித்துவைத்தால் போதும். அந்தப் பொய்யை ஏன் சொல்ல வேண்டிவந்தது என்பதும் குடும்பக் கதைதானே.

அதற்குப் பிறகு அப்பாவிடம் கேட்கும் முறையை மாற்றினேன். யுத்தம், தியாகம் என்று ஆரம்பித்தால் அவர் மேடைப்பேச்சுக்குப் போய்விடுவார். ‘அப்போ ராத்திரிக்கு என்ன சாப்பிட்டீங்க?’ என்று கேட்டேன். மடை திறந்துவிட்டது. பர்மா அரிசி வரத்து நின்று, விலை ஏறி, அளந்து கொடுக்கிற காலம் வந்தது. கேப்பைக் களி, கம்பங்கூழ், சில நாள் மரவள்ளிக் கிழங்கு. மண்ணெண்ணெய் கிடைக்காமல் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். அப்பத்தா செட்டியார் வீட்டு இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் பின்பகுதியில், நெல் குத்தியது, மிளகாய் காயவைத்தது, விசேஷ வீடுகளுக்கு மாவு இடித்தது. உலக்கை பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கை வளைந்தே போயிருந்தது. எனக்கே அது ஞாபகம் இருக்கிறது. அந்தக் கையில் திருநீறு அள்ளி என் நெற்றியில் பூசினால் உப்புத்தாள் உரசுகிற மாதிரி இருக்கும்.

அப்புறம் அந்த முடி. ‘எனக்கு ஒன்பது வயசு வரைக்கும் மொட்டை போடலை, தெரியுமா?’ என்றார் அப்பா, போகிற போக்கில். ‘சடையாண்டின்னு கூப்பிடுவாங்க. ஆத்தா தினம் எண்ணெய் தேய்ச்சுப் பின்னிவிடும். வெட்டுன்னு அழுதா, உங்க அப்பா வந்து வெட்டுவாகன்னு சொல்லும்.’ நான் போனில் ஒலிப்பதிவு போட்டிருந்தேன். இன்றைக்கும் அதைக் கேட்டால், அந்த இடத்தில் எனக்கு மூச்சு இழுக்கிற சத்தம் தனியாகக் கேட்கும். வெந்துபோன கடுதாசி அப்போது என் கடை மேஜைக்குள் இருந்தது. அந்த வரியை அப்பா படித்ததே இல்லை. கடைசியில் 1949-ல் அப்பத்தாவின் அண்ணன் சத்தம் போட்டு, குன்றக்குடிக்குக் கூட்டிப்போய் மடியில் உட்காரவைத்து மொட்டை போட்டாராம். அப்பத்தாவும் கூடப் போனது, ஆனால் அந்தப் பக்கம் திரும்பியே நின்றதாம்.

பதிவு செய்கிறவர்களுக்கு ஒன்று: நடுவில் குறுக்கே பேசாதீர்கள், திருத்தாதீர்கள். கேள்வியை ஒரு பொருளை வைத்துக் கேளுங்கள், ஓர் உலக்கையோ மங்குத் தட்டோ போதும். மத்தியானத் தூக்கம் முடிந்து காபி குடிக்கிற நேரம் நல்ல நேரம். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மகனிடம் சொல்லாததைப் பேத்தியிடம் சொல்வார்கள்.

என் மனைவி வழியில் ஒரு பெரிய தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் இருந்து பர்மா யுத்தத்தில் இறந்தவர். அவரைத் தேடியது எளிதாக முடிந்தது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் பட்டியல் வைத்திருக்கிறது. ரங்கூனுக்கு (இப்போது யங்கூன்) வெளியே டவுக்கியானில் ரங்கூன் நினைவுமண்டபம் இருக்கிறது. கல்லறை கிடைக்காத சுமார் 27,000 பேரின் பெயரைத் தூண்களில் வெட்டிவைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் நிறைய. தேடும்போது பெயரை நான்கைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் சில பதிவுகளில் இருக்கும். மாவட்டம் சிவகங்கை என்று தேடினால் கிடைக்காது. 1985 வரை நாம் ராமநாதபுரம் ஜில்லா, ராம்நாட் என்றுதான் எழுதியிருப்பான். செட்டிநாட்டிலேயே இன்னும் சில ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், அது வேறு கணக்கு. அந்தச் சாப்பரின் பதிவை எடுத்து அச்சுப்போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாமனார் வீட்டில் மாட்டினேன். பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், ‘எங்கப்பாவுக்கும் இதே மாதிரி ஒண்ணு எடுத்துக் குடு’ என்றார். சமையல்காரருக்கு அப்படிப் பட்டியல் இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டேன். தூணில் பெயர் இருப்பது படையில் இருந்தவனுக்குத்தான். மலைப்பாதையில் விழுந்த சமையல்காரனுக்கும் வண்ணானுக்கும் துறைமுகக் கூலிக்கும் தூண் இல்லை. இப்போது கானாடுகாத்தானுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வழிகாட்டிப் பையன்கள் பர்மாத் தேக்கு, இத்தாலி சலவைக்கல், ஆத்தங்குடிக் கல் என்று சொல்கிறார்கள். பர்மாவில் சோறாக்கியவனைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

பட்டா மாற்றப் போனபோது இன்னொரு கூத்து. தாத்தா பெயரில் கால் ஏக்கர் புஞ்சை. ஓர் அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஜப்பான்காரனிடம் வாங்கி வரவா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இதே சிக்கலில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று 1872-ஆம் வருஷச் சாட்சியச் சட்டம் 108-ஆம் பிரிவு சொன்னது. இப்போது வந்திருக்கிற புதுச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. ஆனால் அது தானாக நடக்காது, சிவில் கோர்ட்டில் விளம்புகை கேட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டும். பழைய கடுதாசி, கப்பல் சீட்டு, கூட இருந்தவர் சொன்னது எல்லாம் அங்கே உதவும். எங்களுக்கு அந்த வெந்த கடுதாசியே உதவியது. கெடுத்தாலும் தூக்கிப்போடாமல் வைத்திருந்தேனே.

சட்டத்துக்கு ஏழு வருஷம். அப்பத்தாவுக்கு எத்தனை வருஷமும் போதவில்லை. தாலியைக் கழற்றவில்லை, குங்குமம் அழிக்கவில்லை. ‘பார்த்தவன் எவனாவது வந்து சொல்லட்டும்’ என்ற ஒரே பதில்தான். பின்னால் முணுமுணுத்தார்கள், நல்ல காரியங்களில் முன்னால் நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அதுவும் போய் ஓரமாகத்தான் நிற்கும். 1991-ல் அது இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டிய பிறகு குங்குமம் வைப்பதா கூடாதா என்று பெண்களுக்குள் பேச்சு தடித்தது. புருஷன் செத்து ஐம்பது வருஷம் ஆச்சு என்கிறது ஒரு குரல், யார் பார்த்தா என்கிறது இன்னொரு குரல். தெருக்கோடியிலிருந்து தொண்ணூறை நெருங்கிய ஒரு கிழவி கம்பூன்றி வந்தது. ஒருவரையும் கேட்கவில்லை. கிண்ணத்தில் விரலை விட்டு, குனிய முடியாமல் குனிந்து, ஒரு ரூபாய் அகலத்துக்கு நெற்றியில் வைத்தது. ‘அவ வச்சுக்கிட்டு இருந்தா. எடுக்க நீங்க யாருடி?’

அப்பத்தா இருந்தவரை தாத்தாவுக்குத் திதி கிடையாது. அது போன பிறகு அப்பாவோடு ராமேஸ்வரம் போனேன். அக்னி தீர்த்தக் கரையில் ஐயர் இறந்த மாதமும் திதியும் கேட்டார். விவரம் சொன்னோம். ‘நாள் தெரியாதவாளுக்கு மகாளய அமாவாசை’ என்றார். புரட்டாசி அமாவாசையில் ஆண்டுதோறும் செய்து வருகிறோம். ஊரில் பலர் ஆடி அமாவாசை, தை அமாவாசை என்று செய்கிறார்கள், கிளம்பிப்போன நாளை வைத்துச் செய்கிற வீடும் உண்டு. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாற்றாதீர்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குப் படையலில் கவுணி அரிசி உண்டு. என் மகள் அதை இன்ஸ்டண்ட் பாயசம் மாதிரி நினைத்துக் கரண்டியால் சுரண்டித் தின்பாள். தின்னட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தாத்தா வேலை பார்த்த செட்டியார் குடும்பத்தில் பாகப்பிரிவினை. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பத்திரங்களுக்கெல்லாம் நகல் எடுக்க மெஷினோடு என்னையே பள்ளத்தூரில் இருக்கிற அவர்கள் வீட்டு வளவுக்கு வரச்சொன்னார்கள். முகப்புத் திண்ணையில் மெஷினை வைத்துவிட்டு உள்ளே போனால், வளவில் பழைய ஏடுகளும் பேரேடுகளும் குவித்துக் கிடக்கின்றன. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையிலிருந்து ஆள் வந்து எடைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இளையவர், நாற்பது வயதிருக்கும், கம்ப்யூட்டர் வேலை. ‘தம்பி, ரங்கூன் கணக்கு ஏதாச்சும் இருந்தா நான் ஒரு தடவை பார்த்துக்கிடலாமா?’ என்றேன். ‘தாராளமா பாருங்கண்ணே, எங்களுக்கு அதைப் படிக்கவே தெரியலை’ என்றார்.

வேலையாட்கள் பேரேடு என்று ஒன்று கிடைத்தது. தூசி, எலிப் புழுக்கை, அதற்குள் பக்கம் பக்கமாகப் பெயர்கள். பெட்டியடிப் பையன், காவல்காரன், வண்டிக்காரன் என்று. தாத்தாவின் பெயருக்கு இரண்டு பக்கம். சம்பளம் வரவு, ஊருக்கு அனுப்பியது பற்று. சித்ரபானு வருஷத்தில் பாக்கி நின்றது 186 ரூபாய் 7 அணா. அடுத்த வருஷம் நடப்பு வட்டி சேர்த்து மறுபடி பாக்கி. அதற்கடுத்த வருஷமும். விளம்பி வரை, அதாவது 1958 வரை, ஒவ்வொரு வருஷமும் வட்டி போட்டு இழுத்து எழுதியிருக்கிறார்கள். கடைசி வரிகளில் அணா போய் நயா பைசா வந்துவிட்டது, தொகை நானூறைத் தாண்டிவிட்டது. ஒரு தடவைகூடப் பற்று எழுதவில்லை.

சுபானு வருஷ வரிக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளையின் குறிப்பு ஒன்று, பொடி எழுத்தில்: ‘சம்சாரத்தைக் கூப்பிட்டுச் சொன்னது. இறந்துபோன இன்னார் சம்சாரம் என்று ரசீதில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்கிறது. வந்து வாங்கிக்கொள்வார் என்கிறது.’

அந்த வருஷம்தான் கேப்பைக் களி. அந்த வருஷம் அதே வீட்டின் இரண்டாங்கட்டில்தான் அப்பத்தா நெல் குத்திக்கொண்டிருந்தது. பணம் முகப்பில், இரும்புப் பெட்டியில் இருந்திருக்கிறது. ஒரு கைநாட்டு வைத்தால் போதும்.

பக்கங்களைப் படம் எடுத்தேன், பேரேட்டை எடைக்குப் போடாமல் வாங்கிக்கொண்டேன். காசு வேண்டாம் என்றார்கள். பழைய முதலாளி வீட்டில் ஏடு இருந்தால் கேட்டுப் பாருங்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்வது இதனால்தான். நம் வீட்டில் இல்லாத காகிதம் அங்கே இருக்கலாம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளாதீர்கள், எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அப்பாவுக்கு அப்போது எண்பத்திரண்டு. ஸ்பஷ்டமாகக் கண் தெரியாது. பெரிதாக்கி அச்சுப்போட்டு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். குறிப்பு வந்த இடத்தில் விரலை வைத்து, ‘ஆத்தா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே’ என்றார். அதற்கு மேல் அன்றைக்குப் பேச்சில்லை.

மறுநாள் அவரே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார், அந்த வளவைப் பார்க்க வேண்டும் என்று. வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். இளையவர் நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, விவரம் கேட்டுக்கொண்டார். கையில் இருந்த போனில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, ‘ஐயா, இதுவரைக்கும் வட்டி போட்டா ஒரு தொகை வருது. நானே கொடுத்துடுறேன். எங்க பெரியவங்க விட்டுப்போன கணக்கு, முடிச்சுக்கலாம்’ என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். கதவு திறந்திருந்த இரண்டாங்கட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

‘இருக்கட்டும் தம்பி. புதுக் கணக்குல ஏத்தி எழுதிருங்க.’